கொல்லிமலையில் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்?

கேள்வி: செம்பூரில் வசிக்கிறேன். வயது 38. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி, ஏழு வயதில் ஒரு மகள். கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் நானும் மார்ச் முதல் வாரம், ஹோலி விடுமுறையைச் சேர்த்து ஆறு நாள் தாய்லாந்து போகிறோம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சியாங் மாயில் பைக் வாடகைக்கு எடுத்து, மே ஹாங் சோன் வளையச் சாலையை மூன்று நாளில் சுற்றி, வழியில் டோய் இந்தனான் சிகரத்தையும் பார்ப்பதாகத் திட்டம். மொத்தம் 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மனைவி குழந்தையோடு பைக்கில் ஏறி இறங்கியவன் நான். ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை, பிரச்சினை வீட்டில்தான். டிராவல் இன்ஷூரன்ஸ் ஃபாரத்தை மனைவிதான் நிரப்பினாள். நடுவில் நிமிர்ந்து, "ஏனுங்க, உங்க லைசென்ஸ்ல பைக் இருக்குதுங்களா?" என்றாள். "கார் மட்டும்தான், ஆனா பதினஞ்சு வருஷமா பைக் ஓட்டறேன், யார் கேட்கப் போறாங்க" என்று சிரித்தேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். டிக்கெட் போட்டாயிற்று. எப்படிச் சமாதானப்படுத்துவது? ஆறு நாள் போதுமா? வளையத்தை வலமாகச் சுற்றுவதா, இடமாகவா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

— பெயர் வேண்டாம், செம்பூர், மும்பை

பதில்: பயணத்துக்கு மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வருகின்றன. முன்பு லடாக், பிறகு ஸ்பிட்டி, பூட்டான், இப்போது தாய்லாந்து. ஊர்தான் மாறுகிறது. எல்லாக் கடிதத்திலும் மனைவி ஒரு பயந்தாங்கொள்ளி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தம்பி. அதில் பயந்த பெண் யாரும் கண்ணில் படவில்லை. ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

யார் கேட்கப் போகிறார்கள் என்றீர்களே, கேட்க வேண்டியவள் கேட்டாயிற்று. அவளை விட்டால் அடுத்துக் கேட்கப்போவது சியாங் மாய் ஊர் எல்லையில் தடுப்பு போட்டு நிற்கும் போலீஸ். அவர்கள் கேட்டால் அபராதத்தோடு போகும். அதற்கும் அடுத்தபடியாகக் கேட்பவர் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவரிடம் சிரித்துத் தப்ப முடியாது.

கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டில் வண்டி ஓட்ட நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு சின்னப் புத்தகம். அதில் பைக்குக்கு ஒரு கட்டம், காருக்கு ஒரு கட்டம். உங்கள் உள்ளூர் லைசென்ஸில் எந்த வகை இருக்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் முத்திரை விழும். உங்களுக்குக் கார் கட்டத்தில் விழும். அதை வைத்துக்கொண்டு தாய்லாந்தில் பைக் ஓட்டினால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். டிராவல் பாலிசியை எடுத்து இருசக்கர வாகனம் என்று வரும் பத்தியைப் படியுங்கள். ஓட்டும் வண்டிக்கு உரிய லைசென்ஸ் வேண்டும், தலையில் ஹெல்மெட் வேண்டும் என்றிருக்கும். சிலவற்றில் இன்ஜின் இத்தனை சிசிக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கும். அந்தப் பத்தியை உங்கள் வீட்டில் ஒருவர் படித்திருக்கிறார். அதனால்தான் நிமிர்ந்து பார்த்தார்.

இது வரைக்கும் தாய்லாந்து சமாச்சாரம். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது இங்கே அல்ல. பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கொல்லிமலையில் மனைவி குழந்தையோடு ஏறி இறங்கியதாக. எழுபது வளைவு ஏறி எழுபது இறங்கினால் நூற்று நாற்பது. அத்தனையிலும் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தை. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. போன மாதம்தான் தெரிந்திருக்கிறது, அதுவும் ஒரு ஃபாரத்தின் வழியாக. பதினைந்து வருடம் எதை நம்பிப் பின்னால் உட்கார்ந்தோம் என்று ஒருத்தி யோசிக்கத் தொடங்கினால், முகம் கொடுத்தா பேசுவாள்?

(பைக்கில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம், நடுவில் குழந்தையை வைப்பதும் மூன்று பேர் கணக்குதான் என்பதைச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. உங்களுக்குப் பிடித்த வாசகம்.)

புது பைக் வாங்கியபோது சேடா நகர் முருகன் கோயிலில் பூஜை போட்டிருப்பீர்கள். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். செம்பூர்த் தமிழன் யாரும் அதை விடமாட்டான். முருகனிடம் காட்டிய வண்டியை வடாலா ஆர்.டி.ஓ.வில் காட்டி ஒரு எட்டு போட்டுக் காண்பிக்கப் பதினைந்து வருடத்தில் ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லையா?

வருடா வருடம் பைக் இன்ஷூரன்ஸ் கட்டியிருப்பீர்கள். அதில் உரிமையாளரே ஓட்டும்போது விபத்தானால் 15 லட்சம் ரூபாய் என்று ஒரு காப்பீடு உண்டு. உயிர் போனால் முழுத் தொகை, ஒரு கையோ காலோ போனால் பாதி. அந்த வண்டியை ஓட்டத் தகுந்த லைசென்ஸ் இருந்தால்தான் அது செல்லும். இத்தனை வருடம் நீங்கள் கட்டிய பணம் உங்கள் வீட்டுக்கு எதையும் வாங்கித் தரவில்லை. நீங்கள் யார் மீதாவது மோதியிருந்தால் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கும். வசூல் என்றால் எதிலிருந்து? செம்பூர் வீட்டிலிருந்து, நாமக்கல் நிலத்திலிருந்து, மகளுக்காகச் சேர்த்த பணத்திலிருந்து.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. என் அண்ணன் சயானில் இருந்தான். அவனும் கார் லைசென்ஸ்காரன், அவனும் நன்றாக ஓட்டுபவன். ஒரு ஜூலை மழையில் பன்வேல் ரோட்டில் விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அண்ணி ஏழு மாதம் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு நடந்தாள். கடைசியில் ஒருவர் லைசென்ஸ் நகலைத் திருப்பிப் பார்த்து, "இதுல டூ வீலர் இல்லையேம்மா" என்று சொல்லிக் கோப்பை மூடினார். அவர் மேல் தப்பில்லை. ஏழரை லட்சம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. அண்ணி காலை நான்கு மணிக்கு எழுந்து அக்கம்பக்கத்துக்கு இட்லி ஊற்றி விற்றுத்தான் பையனைப் படிக்க வைத்தாள். அண்ணன் இப்போதும் நல்ல ஓட்டுநர் என்று பெயரெடுத்தவன்தான்.

கல்யாணமான ஆணின் கை, கால், முதுகெலும்பு எல்லாம் அவன் ஒருவனுக்குச் சொந்தமானவை இல்லை என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதற்காக வீட்டோடு கிட என்று சொல்லவும் மாட்டேன். நண்பர்களோடு ஆறு நாள் போய்வருவது நல்லதே. திரும்பி வந்து மனைவிக்கும் அப்படி ஆறு நாள் கொடுங்கள், சமையலையும் ஸ்கூல் பஸ்ஸையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் போகிறவன் கட்டுக்கோப்பாகப் போக வேண்டும்.

மார்ச் வேண்டாம். லைசென்ஸ் கிடக்கட்டும், வேறு காரணமும் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்தில் மக்காச்சோளக் காட்டையும் மலைச் சருகையும் எரிப்பார்கள். சியாங் மாய் ஒரு பள்ளத்தாக்கு, புகை வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். சில வருடங்களில் மார்ச் மாதம் உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரம் என்று அதன் பெயர் வந்திருக்கிறது. எண்ணெய் ஆலைகள் உள்ள மாகுல் பக்கத்துக் காற்றில் வளர்ந்த செம்பூர்க்காரருக்குப் புகை பழகியிருக்கலாம். ஆனால் டிக்கெட் வாங்கிப் போய் அதையே சுவாசிப்பானேன்? 2,565 மீட்டர் உயரத்தில், தாய்லாந்தின் உச்சியான டோய் இந்தனானில் நின்று பார்த்தால் சாம்பல் நிறம்தான் தெரியும்.

நவம்பரில் போங்கள். மழை முடிந்து மலை பச்சையாக இருக்கும், வயலில் நெல் அறுப்பு நடக்கும். குன் யுவாம் பக்கத்து மலைச்சரிவில் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது அந்த மாதத்தில்தான். பெரும்பாலும் நவம்பரில் வரும் பௌர்ணமியன்று சியாங் மாயில் ஆற்றிலும் வானத்திலும் விளக்கு விடுவார்கள். பார்த்தால் நம் கார்த்திகை ஞாபகம் வரும். அன்றைக்கு அறை கிடைப்பது மட்டும் கஷ்டம், முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

அதற்குள் செய்ய வேண்டியது இது. லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில், இருக்கும் லைசென்ஸோடு கியர் உள்ள பைக் வகையைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். முதலில் எல்.எல்.ஆர். வரும். அதற்கு ஆறு மாதம் ஆயுள், 30 நாள் கழிந்த பிறகுதான் டெஸ்ட். ஆகவே உங்கள் ஐந்து வாரத்துக்குள் இதெல்லாம் அடங்காது. டெஸ்ட் முடிந்து புது லைசென்ஸ் வந்தபின் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் காட்டி சர்வதேச அனுமதிக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். உங்கள் நண்பர்களில் ஒருவராவது இந்நேரம், இணையத்தில் இரண்டே நாளில் 'சர்வதேச லைசென்ஸ்' வாங்கலாம் என்று சொல்லியிருப்பார். அந்தக் கலர் அட்டை வெறும் மொழிபெயர்ப்பு, தாய்லாந்து போலீசிடமும் செல்லாது, இன்ஷூரன்ஸிலும் செல்லாது. பழகிய ஏஜென்ட் யாராவது டெஸ்ட் இல்லாமலே முடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். வரிசையில் நின்று ஓட்டிக் காட்டுங்கள். மற்ற மூன்று பேரின் லைசென்ஸையும் இன்று ராத்திரியே வாங்கிப் பாருங்கள். உங்களைப் போல் இன்னொருவர் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். டிக்கெட் பணத்தில் கொஞ்சம் போகும், போகட்டும்.

நாள் கணக்குக்கு வருகிறேன். மூன்று நாளில் வளையம், கூடவே டோய் இந்தனான் என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பது மாதிரி. சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் (நம்முடைய கோரைப் பாய் இல்லை) 130 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் 762 வளைவுகள் என்று டீ-ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். அந்த ஊர்த் தெருவில் முழங்கையிலும் முழங்காலிலும் கட்டுப் போட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். விழுந்த காயத்துக்கு 'பாய் டாட்டூ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாயில் ஒரு ராத்திரி, மே ஹாங் சோனில் இரண்டு, மே சரியாங்கில் ஒன்று என்று தங்குங்கள். மே ஹாங் சோனில் இரண்டு எதற்கென்றால், வயலுக்கு நடுவே பிக்குகள் நடக்க மூங்கிலில் கட்டிய சு தோங் பே பாலமும், எல்லையோரம் யுன்னானிலிருந்து வந்த சீனர்கள் தேயிலை போடும் பான் ராக் தாய் கிராமமும் அங்கிருந்து பக்கம். பாய்க்கும் மே ஹாங் சோனுக்கும் நடுவில் தாம் லோட் குகை, ஆறே குகைக்குள் புகுந்து ஓடுகிறது, மூங்கில் தெப்பத்தில் போகலாம். டோய் இந்தனானைக் கடைசி நாளுக்கு வையுங்கள். ஆக, விமானப் பயணம் நீங்கலாகவே ஐந்து நாள். நீங்கள் வைத்திருக்கும் ஆறு நாள் விமானத்தையும் சேர்த்து.

நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட்டம், அது ஒரு சௌகரியம். வாடகைக் கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடையாகப் பாருங்கள். வண்டியின் பழைய கீறல்களை எடுக்கும்போதே போனில் வீடியோ பிடியுங்கள். அங்கே வண்டிக்கு இருப்பது பெரும்பாலும் கட்டாயக் காப்பீடு மட்டும், வண்டி உடைந்தால் செலவு உங்களுடையது.

மனைவியைச் சமாதானப்படுத்தும் வழி கேட்டீர்கள். சமாதானம் என்ற வார்த்தையை முதலில் விடுங்கள். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இல்லை, பைக் இல்லை. இத்தனை வருஷமா இல்லை" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கொல்லிமலையையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தாய்லாந்தைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள். லைசென்ஸ் வரும்வரை ஆபீசுக்கு ரயிலில் போங்கள். எல்.எல்.ஆர். காலத்தில் மகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.

வலமாகவா இடமாகவா என்று கேட்டிருந்தீர்கள். வடாலாவில் டெஸ்ட் முடிந்ததும் எழுதுங்கள், அப்போது சொல்கிறேன்.