வயோலா இல்லாத ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு என்ன வாசிக்கலாம்?

வயலின் நிறைய இருக்கிறது, அதைவிடச் சற்றுப் பெரிதாய், கீழ்ச் சுரம் பேசும் வயோலா இல்லை, முதல் கச்சேரிக்கு எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போல சர்ச்சில் வாசித்துப் பழகி, ஞாயிறு மாலை மட்டும் கூடுகிறவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோயில் கொடைத் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ரா என்றால் இந்தப் பதில் உதவாது.

மார்த்தாண்டம் பக்கம் நாங்கள் ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1791-ல் எழுதிய 94-வது சிம்பொனியின் இரண்டாம் பகுதியை எடுத்தோம். ஃபுளூட், ஓபோ, பசூன், ஹார்ன், டிரம்பெட் என்ற ஊதுகருவிகள் எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். எங்களிடம் ஒன்பது வயலின், இரண்டு கிளாரினெட், ஒரு டிரம்பெட், தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று. வயோலாவின் கீழ்ச் சுரங்கள் வயலினில் வராது, அது ‘ஜி’ கம்பியோடு நின்றுவிடும். அதனால் வயோலாவுக்கு உரியதைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தேன்; எங்கள் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் என்பதால் அந்த அளவு ஏற்றி எழுதினேன். டிம்பனி முரசுக்குப் பதில் பேண்ட் செட்டின் பெரிய டிரம். சத்தத்தைக் குறைத்து, இன்னும் குறைத்துப் போய், பதினாறாவது பாரில் (தாளக் கட்டத்தில்) எல்லோரும் சேர்ந்து ஒரே போடு. முன்வரிசைப் பாட்டி ஒருவர் திடுக்கிட்டு நெஞ்சில் கைவைத்தார், அப்புறம் பேத்தியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஹைடனைக் கெடுத்துவிட்டோம் என்று முறையாகப் படித்தவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். இருக்கிற ஆளுக்கு மாற்றி எழுதாவிட்டால் நம் ஊரில் அவர் இசை கேட்கவே கேட்காது.

சறுக்கியது அடுத்த பாட்டில். ஆனந்தபைரவியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை. எல்லோருக்கும் நோட்டேஷன் எழுதி நேர்நேராக வாசிக்க வைத்தேன். அந்த ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், அசையாமல் நின்றால் என்ன மிச்சம்? முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "மக்களே, பாட்டு மொட்டையா இருக்கு" என்றார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அந்தச் செல்லோவை பஸ்ஸில் ஏற்ற நாங்கள் படுகிற பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஒரு கண்டக்டர் லக்கேஜ் போட்டு, பிறகு பாதி வழியில் இறங்கவும் சொன்னார். பையன் பதினேழு வயது, மழையில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மூட்டைகளெல்லாம் உள்ளேதான் இருந்தன.

சரி, கீர்த்தனைக்கு வருகிறேன். அடுத்த தடவை, கர்நாடக முறையில் படித்த இரண்டு வயலின்காரர்களை மட்டும் மெட்டை வாசிக்கச் சொன்னேன். மற்ற எல்லோரும் ஷட்ஜம், பஞ்சமம் (ச, ப) மட்டும் பிடித்து நின்றார்கள். அதே பெரியவர் கடைசி வரை எழுந்து போகவில்லை.