இரண்டு பக்கத்து நாடுகள் போர் வரைக்கும் போன பிறகு மூன்றாவது ஆள் பேசித் தடுத்ததுண்டா?

உண்டு. எனக்குத் தெரிந்ததில் தெளிவான உதாரணம் அர்ஜென்டினா–சிலி.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாய் என்று ஒரு குறுகலான கடல்வழி. அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என மூன்று சிறு தீவுகள். 1881-இல் எல்லை ஒப்பந்தம் போட்டவர்கள் அந்த இடத்தில் இரண்டு விதமாகப் படிக்கும்படி எழுதிவிட்டார்கள். தீவுகளில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் தீவு யாருக்கோ அவருக்குத்தான் சுற்றியுள்ள கடலும். சிலி பசிபிக்கோடு நிற்கட்டும், அட்லாண்டிக் எங்களுக்கு என்பது அர்ஜென்டினாவின் பழைய பிடிவாதம். ஆக, தீவின் பேரைச் சொல்லிக் கடலுக்காக நடந்த சண்டை இது.

முதலில் தீர்ப்பு கேட்டுப் பார்த்தார்கள். 1971-இல் இரு நாடுகளும் பிரிட்டிஷ் அரசியை நடுவராக ஏற்றன. சர்வதேச நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். 1977-இல் மூன்று தீவுகளும் சிலிக்கே என்று தீர்ப்பு வந்தது. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அது செல்லாது என்று அறிவித்துவிட்டது. அப்போது இரண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. அந்த டிசம்பர் 22-இல் தீவுகளைப் பிடிக்க அர்ஜென்டினாவின் கப்பல்கள் தயார். மோசமான வானிலையால் நாள் தள்ளிப்போனது. (புயலுக்கும் இதில் பங்கு உண்டு, மறைப்பானேன்.) அந்த இடைவெளியில்தான் போப் இரண்டாம் ஜான் பால் அனுப்பும் தூதரை ஏற்க அர்ஜென்டினா சம்மதித்தது. அவர் போப் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வந்தவர் கார்டினல் அந்தோனியோ சமோரே. வயது 73. இரு தலைநகரங்களான புவெனஸ் ஐரிசுக்கும் சாண்டியாகோவுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8-இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் இரு நாடுகளையும் கையெழுத்திட வைத்தார். அந்தக் காகிதத்தில் தீவு யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லை! பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், படைகளை 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவோம், போப் சமரசம் பேசட்டும், அவ்வளவுதான். நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தைத்தான். யார் பக்கம் நியாயம் என்று பேச ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே முறிந்திருக்கும். அவர் செய்தது, விஷயத்தை ஆறப்போட்டது.

ஆறுவதற்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. 1980 டிசம்பரில் போப் ஒரு தீர்வை முன்வைத்தார். சிலி ஒப்புக்கொண்டது, அர்ஜென்டினா இழுத்தடித்தது. அப்புறம் 1982-இல் பிரிட்டனோடு நடந்த ஃபாக்லாந்து போரில் தோற்று அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி ஆட்டம் கண்டது. 1983-இல் தேர்தலில் வென்று அல்ஃபோன்சின் அங்கே அதிபராக வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அதனால் எல்லாப் பெருமையும் சமரசத்துக்கே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை பேச்சுவார்த்தை மேசை கலையாமல் இருந்ததே, அது சின்ன விஷயமில்லை.

1984 நவம்பர் 29-இல் வாடிகனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதிலும் தீவுகள் சிலிக்குத்தான். 1977-இல் வேண்டாம் என்று தூக்கிப்போட்ட அதே முடிவு! மாறியது கடல். அந்தப் பகுதியில் ஒருவருக்கொருவர் உரிமை கோரும் கடல் எல்லை மூன்று கடல் மைல்தான் என்று சுருக்கினார்கள். அதைத் தாண்டி வரைந்த கோடு அட்லாண்டிக் பக்கத்தை அர்ஜென்டினாவுக்கு விட்டது. தீவை விட்டோம், கடலை விடவில்லை என்று அல்ஃபோன்சினால் ஊருக்குச் சொல்ல முடிந்தது. மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தபோது 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

சமோரே இதைப் பார்க்கவில்லை. 1983-லேயே இறந்துவிட்டார். இரு நாடுகளுக்கும் இடையே ஆண்டீஸ் மலையில் உள்ள ஒரு கணவாய்க்கு இன்று அவர் பெயர்தான். ஒப்பந்தமும் சுலபமாகத் தேறிவிடவில்லை. 1985 மார்ச்சில் அர்ஜென்டினா செனட்டில் ஆதரவு 23, எதிர்ப்பு 22.