சீக்கிரம் தேயாத, மழையிலும் வழுக்காத ஸ்போர்ட் டூரிங் டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டது இது: கையில் 650 சிசி பைக், முன் டயர் 120/70, பின் டயர் 160/60 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது), இரண்டும் 17 அங்குல ரிம்முக்கானவை. வாரநாட்களில் ஆபீஸ், லீவு கிடைத்தால் மலை, சில சமயம் மனைவியும் உடன் வரும் நீண்ட பயணம். பின் டயர் முடியும் நிலையில் இருக்கிறது. நாள்பட உழைக்கவும் வேண்டும், வளைவிலும் மழையிலும் பிடிக்கவும் வேண்டும், எதை வாங்குவது?

நான் கோவையில் இருந்துகொண்டு இதே அளவு டயர் போட்ட 650-ஐத்தான் பல வருடமாக ஓட்டுகிறேன். என் பதில்: முதலில் ஈர ரோட்டில் அந்த டயர் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள், அதில் தேறிய டயர்களுக்குள் மட்டும் ஆயுளைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

"கிரிப் வேண்டுமென்றால் சீக்கிரம் தேயும், உழைக்க வேண்டுமென்றால் கிரிப் இருக்காது" என்று டயர் கடைகளில் சொல்வார்கள். ஒரே ரப்பரால் முழு டயரையும் வார்த்த காலத்தில் அது சரி. இப்போது நிலைமை அப்படி இல்லை. அதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

நம் ஓட்டத்தை யோசித்துப் பாருங்கள். கோவையிலிருந்து சேலம் வரை 544-ம் தேசிய நெடுஞ்சாலையில் போனால் பைக் சாய்வதே இல்லை. டயரின் நடுவில் ஒரு சிறு பட்டை மட்டுமே ரோட்டைத் தொடுகிறது, தேய்வதெல்லாம் அங்கேதான். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ரோட்டைத் தொடுவது வேறு இடம், டயரின் தோள்பகுதி. அதனால், வளைவுக்கும் நீண்ட பயணத்துக்கும் சேர்த்துச் செய்யும் ஸ்போர்ட் டூரிங் டயர்களில் பெரும்பாலும் நடுவில் கெட்டியான ரப்பரும் இரண்டு தோள்களிலும் மென்மையான ரப்பரும் வைக்கிறார்கள். மிஷ்லின் இதை 2சிடி என்கிறது. அதன் 2சிடி+ வகையில் தோளில் இருக்கும் மென்மையான ரப்பருக்கு அடியிலும் கெட்டியான ரப்பர் ஓடுகிறது. வளைவில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டயர் குழைந்து நெளியாமல் இருக்க அது உதவும். கான்டினென்டல் வேறு வழியில் போகிறது. ரப்பர் ஒன்றுதான், ஆனால் வேகவைக்கும்போது நடுவுக்கும் தோளுக்கும் வெவ்வேறு வெப்பம் கொடுத்து, நடு கெட்டியாகவும் ஓரம் இளக்கமாகவும் வரும்படி செய்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மழையில் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது பைக் நிமிர்ந்துதான் இருக்கும். அப்போது உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்தக் கெட்டியான நடுப்பகுதிதான், அதிலும் முன் டயரின் நடுப்பகுதி. அது ஈரத்தில் பிடிக்காவிட்டால் தோளில் எவ்வளவு மென்மையான ரப்பர் இருந்தும் பயனில்லை. இங்கேதான் சிலிக்கா வருகிறது.

டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் ரப்பரோடு கலக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள். அதன் ஒரு பகுதிக்கோ பெரும்பகுதிக்கோ பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்தால், ரப்பர் குளிரிலும் விறைக்காமல் இருக்கும், ஈர ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நன்றாகப் பதியும். 1990-களில் கார் டயர்களில் பரவிய இந்த வழக்கம் பிறகு பைக் டயர்களுக்கும் வந்தது. இன்றைய நல்ல ஸ்போர்ட் டூரிங் டயர்களில் சிலிக்கா தாராளமாக இருக்கிறது. கெட்டியாகவும் இருந்து ஈரத்திலும் பிடிக்கும் நடுப்பகுதி சாத்தியமானதே இதனால்தான்.

ரேஸ் டிராக்குக்கென்று செய்த ஒட்டும் டயர்களை மலைக்கு வாங்கும் நண்பர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த டயர் சூடேறினால்தான் பிடிக்கும். ஜூலையில் வால்பாறைப் பக்கம் தூறலும் பனிமூட்டமுமாக இருக்கும் காலையில், முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது அதற்கு அந்தச் சூடு கிடைக்கவே கிடைக்காது. அந்த இடத்தில் சாதுவான ஸ்போர்ட் டூரிங் டயர் அதைவிட நன்றாகப் பிடிக்கும். இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கவும் செய்யும். நம் மலைகளுக்கும் நம் மழைக்கும் ஆயுளும் பிடிமானமும் ஒரே டயரில்தான் இருக்கின்றன. நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பட்டன், அதாவது டயரின் மேல் காடிகளுக்கு (பள்ளக் கோடுகளுக்கு) நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகள். கடையில் எல்லோரும் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். பட்டன் நிறைய இருந்தால் கிரிப் அதிகம் என்பது சரியல்ல. பைக் டயர் உருண்டை வடிவம் என்பதால் தண்ணீரைத் தானே இரு பக்கமும் தள்ளிவிடும். தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது மிச்சத்தை வெளியேற்றத்தான் காடிகள். காய்ந்த ரோட்டில் காடி குறைவாக இருப்பதே நல்லது, ரப்பர் நெளியாமல் உறுதியாக நிற்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது, பாதி தேய்ந்த பிறகு அந்தக் காடிகள் என்ன ஆகின்றன என்பதை. மிஷ்லின் ரோடு 5 டயரில் மேலே மெல்லிய கீறலாகத் தெரியும் காடி உள்ளே போகப் போக அகலமாகிறது. தேயத் தேய வாய் விரியும், அதனால் பழசான பிறகும் தண்ணீர் போக வழி இருக்கும். இதற்கான அச்சை உலோக 3டி பிரிண்டிங்கில் செய்கிறார்கள். இந்த மாதிரி யோசனை உள்ள டயருக்கு அதிக விலை கொடுப்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து.

ஆயுளை நான் கணக்கிடும் முறையும் கடைக்காரர் சொல்வதும் ஒன்றல்ல. காடிக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் டிடபிள்யூஐ மேடு தெரியும்வரை ஓடிய கிலோமீட்டரை அவர் சொல்வார். மழையில் நம்பி பிரேக் பிடிக்கும் நிலையில் எத்தனை கிலோமீட்டர், வளைவில் ஒரே சீராகச் சாயும் நிலையில் எத்தனை கிலோமீட்டர், இவை இரண்டும்தான் எனக்குக் கணக்கு. நேர் ரோட்டிலேயே ஓடினால் பின் டயரின் நடு சப்பையாகிவிடும். அப்புறம் வளைவில் சாய்க்கும்போது, படிக்கட்டின் விளிம்பிலிருந்து கால் நழுவுவது போல் பைக் சட்டென்று சரிந்து திரும்பும். பட்டன் மிச்சமிருந்தாலும் மலைக்கு அந்த டயர் முடிந்தது. நடுவும் தோளும் வெவ்வேறு ரப்பராக இருக்கும் டயர் சப்பையாவதைத் தள்ளிப்போடும். நம் அளவு பைக்கில் நிதானமாக ஓட்டினால் நல்ல ஸ்போர்ட் டூரிங் பின் டயர் 12,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். கான்கிரீட் ரோடு, வெயில், கனமான சாமான், அடிக்கடி முறுக்கும் கை, எல்லாம் அதைக் குறைக்கும்.

இனி பெயர்கள். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டு பைக் டயர்கள் விலை ஏறின, பல அளவுகள் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. அதனால் ஒரே ஒரு மாடலை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

மழைக்கு என் முதல் தேர்வு மிஷ்லின் ரோடு 6, இல்லையென்றால் ரோடு 5. அதே அளவு நம்பிக்கை மெட்ஸ்லர் ரோட்டெக் 01 மீதும் உண்டு. குளிரிலும் அழுக்கு ரோட்டிலும் அது நிதானம் தவறாது. பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, கான்டினென்டல் ரோடுஅட்டாக் 4 இரண்டும் வளைவில் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும். மழையை விட வேகத்தை விரும்புகிறவர் அந்தப் பக்கம் சாயலாம். டன்லப் ரோடுஸ்மார்ட் 4, பிரிட்ஜ்ஸ்டோன் டி32 கிடைத்தாலும் தயங்காமல் போடலாம்.

நம் நாட்டு நிறுவனங்களைப் பற்றி மகிழ்ச்சியோடு சொல்கிறேன். மதுரையைச் சேர்ந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம் தன் யூரோகிரிப் பெயரில் ரோடுஹவுண்ட் என்ற ஸ்போர்ட் டூரிங் ரேடியலைக் (உள்நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் டயர்) கொண்டுவந்திருக்கிறது. ஜீரோ டிகிரி ஸ்டீல் பெல்ட் கட்டமைப்பு, அதாவது டயரைச் சுற்றி இரும்புக் கம்பி வட்டமாக ஓடுகிறது. வேகத்தில் டயர் ஊதிப் பெருக்காமல் வடிவம் மாறாமல் நிற்க இது முக்கியம். அப்போலோ தன் வசமுள்ள வ்ரெடஸ்டீன் பெயரில் சென்டாரோ எஸ்டி டயரை இங்கே விற்கிறது, அதுவும் இதே ரகம். இதைப் படிக்கும் 390, 400 சிசிக்காரர்களுக்கு 150/60 அளவில் அப்போலோ ஆல்ஃபா எச்1, எம்ஆர்எஃப் ஸ்டீல் பிரேஸ், சியட் ஸ்போர்ட்ராட் எல்லாம் இருக்கின்றன. 

ஒரு எச்சரிக்கை. சில மாடல்களில் ஜிடி, எச்டபிள்யூஎம் என்ற பின்னொட்டோடு கனமான வகை ஒன்று இருக்கும். பெரிய டூரிங் பைக்குகளின் எடைக்காக உடல்பகுதியைக் கெட்டியாகச் செய்தது அது. கெட்டி என்றால் இன்னும் நாள்பட உழைக்கும் என்று நினைத்து அதை 650-க்குப் போட்டால், டயர் விறைப்பாக இருந்து சின்னப் பள்ளத்தைக்கூட உங்கள் முதுகுக்கு அனுப்பும். உங்களுக்குச் சாதாரண வகைதான் சரி.

டயரின் பக்கவாட்டில் 58டபிள்யூ, 69டபிள்யூ என்பது போல் இருக்கும். 58 என்றால் 236 கிலோ தாங்கும், 69 என்றால் 325 கிலோ, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை. வேகம் நமக்குத் தேவையில்லை, ஆனால் மனைவி, பைகள், வெயில் மூன்றும் சேரும் பயணத்தில் சுமை எண் தேவை. மேனுவலில் உள்ளதற்குக் கீழே இறங்காதீர்கள். அதே போல 180 டயர் போட்டால் பின்பக்கம் பார்க்க அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 160-க்கு ஏற்றது 4.5 அங்குல ரிம், 180/55 டயரோ 5.5 அங்குல ரிம்முக்காகச் செய்தது. சிறிய ரிம்மில் அது நெருக்கப்பட்டு, நடு கூம்பிவிடும். நேராகப் போகும்போது ரோட்டைத் தொடும் பரப்பு குறையும், பைக் திரும்பவும் சோம்பல்படும்.

அடுத்து தயாரிப்பு தேதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். வெயிலில் காயும் தகர ஷெட் குடோனில் இரண்டு மூன்று வருடம் கிடந்த வெளிநாட்டு டயரை விட, போன மாதம் வந்த உள்ளூர் டயர் எவ்வளவோ மேல். முன்னும் பின்னும் ஒரே மாடலாகப் போடுங்கள், இரண்டின் வடிவமும் ஒன்றோடொன்று பொருந்தும்படிதான் செய்கிறார்கள். முன் டயர் பொதுவாக அதிக நாள் வரும். உங்களுடையதில் பாதிக்கு மேல் இருந்தாலும், மாடல் மாறுவதாக இருந்தால் ஜோடியாக மாற்றுவதையே நான் சொல்வேன். ரேடியலோடு, உள்நூல் சாய்வாக ஓடும் பயஸ் டயரைக் கலக்கவே கூடாது.

வாங்கிய பிறகு டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது காற்றுதான். என் பைக்கில் முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ. உங்கள் மேனுவல் சொல்வதைப் பின்பற்றுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, வாரம் ஒருமுறை காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும், அது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் டயர் குறைந்த காற்றோடு நிற்கும், நெளிந்து சூடாகி வேகமாகத் தேயும். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

மாட்டும்போது பேலன்சிங் செய்து வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பக்கவாட்டு அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முதல் 150, 200 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள், புது டயரின் மேல்பரப்பு வழவழப்பானது. எந்த டயராக இருந்தாலும் டோல்கேட் லேனில் லாரி சிந்திய ஆயில், ஈரமான வெள்ளைக்கோடு, பாலத்தின் இரும்பு இணைப்பு, பல நாள் காய்ந்த ரோட்டில் பெய்யும் முதல் மழை, இந்த இடங்களில் சாயாமல் நிமிர்ந்தே கடந்துவிடுங்கள். அங்கே எந்த ரப்பரும் உதவாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், ஒரு வருடத்துக்குள் தயாரான ரோடு 6 அல்லது ரோட்டெக் ஜோடி கிடைக்கிறதா என்று இரண்டு மூன்று கடைகளில் கேட்பேன். கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் புதிதாக வந்த ரோடுஹவுண்ட் ஜோடியை வாங்கிவிடுவேன். இந்த அளவு எல்லாக் கடையிலும் கைவசம் இருக்காது, சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதால், இப்போதே போன் செய்து முன்பதிவு செய்துவிடுங்கள்.