ஹால் மூலையில் ஓவியம்: வாடகைக்கு அறை எடுக்கலாமா?

கேள்வி: யூட்யூப் பார்த்தும், நானே வரைந்து வரைந்தும் கற்றுக்கொண்டவள் நான். ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்து அக்ரிலிக் வண்ணத்தில் வரைகிறேன். போட்டோவைப் பார்த்து முகம் வரைந்து தரும் ஆர்டர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வருகின்றன. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். இருந்தும் ஒரு படம் முடிய மூன்று வாரம் ஆகிறது, கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை, எனக்குப் பிடித்ததை வரைய நேரமே கிடைப்பதில்லை. போன மாதம் கூரியரில் அனுப்பிய படத்தில் பபிள் ரேப் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் 4,000 ரூபாய் வாடகைக்கு ஒரு மாடி அறை இருக்கிறது. எடுத்தால் எல்லாம் சரியாகுமா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எடுக்காதீர்கள், இப்போதைக்கு. உங்கள் கடிதத்தில் நேரம், பணம், பேக்கிங், சொந்தமாக வரைவது என்று நான்கு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அந்த அறை இதில் எதையும் முழுசாகத் தீர்க்காது, மாதாமாதம் 4,000 ரூபாயை மட்டும் நிச்சயமாக வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, அடுத்த தெருவுக்குப் போய் வரைய வேண்டுமென்றால் இரண்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் கிளம்பத் தோன்றும். வீட்டில் இருப்பவருக்கு அப்படி நேரம் வாய்ப்பது அபூர்வம். சாதம் வேகும் நேரம், கேஸ் சிலிண்டர்காரருக்காகக் காத்திருக்கும் நேரம் என்று இருபது நிமிடம் அரை மணியாகத்தான் உங்கள் நாள் உடைந்து கிடக்கும். அந்தத் துண்டுகளில்தான் நீங்கள் ஓவியர், அவற்றை விட்டுவிட்டால் ஓவியமே நடக்காது.

ஆனால் அந்த இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் சாமான்களை எடுத்து வைக்கவும், ஐந்து நிமிடம் திரும்ப ஒதுக்கி வைக்கவுமே போய்விடும் என்பீர்கள். அங்கேதான் உங்கள் மூன்று வாரம் கரைகிறது. ஆகவே முதல் வேலை, வீட்டுக்குள்ளேயே கலைக்கத் தேவையில்லாத ஒரு இடம். மூன்றடிக்கு இரண்டடி போதும். பள்ளி மேசை ஒன்று, அதன்மேல் சாய்வாக ஒரு பலகை, பக்கத்தில் பிரஷ் வைக்கும் டப்பா, மேலே ஒரு விளக்கு. விருந்தாளி வந்தாலும் அதை எடுக்கக் கூடாது, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டால் போதும். ஹாலில் இது நடக்காது என்றால் படுக்கையறை ஜன்னலோரத்துக்கு மாற்றுங்கள். சாப்பாட்டு மேசையில் வரைகிறவர்கள் மூன்று வேளையும் கடையைக் கட்டிக் கட்டியே ஓய்ந்துபோகிறார்கள்.

இடம் சின்னது என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் கனடாவின் ஓவியர் மாட் லூயிஸைச் சொல்வேன். நோவா ஸ்கோஷியாவில் ஏறக்குறைய பன்னிரண்டடிச் சதுரமான ஒரே அறை கொண்ட வீடு. கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. கைகளை முடக்கிய மூட்டுவாதத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிவரை வரைந்தார். ஓவியப் பள்ளி எதற்கும் போனதில்லை. கை எட்டும் தூரத்துக்குள் அடங்கும் சின்னப் பலகைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். நீங்களும் அப்படிச் செய்யலாம்: மேசைக்கு அடங்குகிற அளவுகளில் மட்டும் ஆர்டர் எடுங்கள், 12-க்கு 16 அங்குலம், மிஞ்சினால் 16-க்கு 20. அவர் 1970-இல் இறந்தார், அந்த வீட்டையே இப்போது அதே மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரக் கலைக்கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். விலை விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். சாலையோரத்தில் இரண்டு மூன்று டாலருக்கு விற்றவர் அவர். பிற்பாடு ஒரு ஹோட்டல்காரருக்குச் சீஸ் சாண்ட்விச்சுக்குப் பதிலாகக் கைமாறிய அவருடைய படம் ஒன்று, 2022-இல் ஏலத்தில் 3,50,000 கனடிய டாலருக்குப் போனது. அதில் அவருக்கு என்ன கிடைத்தது, சொல்லுங்கள்.

துண்டு நேரத்தில் வரைய இன்னொரு தடை, அக்ரிலிக் காய்கிற வேகம். திண்டுக்கல் வெயிலில் சீலிங் ஃபேனும் ஓடினால் தட்டில் பிதுக்கிய வண்ணம் சில நிமிடங்களிலேயே ஆடை கட்டிவிடும். அதற்கு ஈரத் தட்டு செய்துகொள்ளுங்கள், கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூடி இறுக்கமாக உட்காரும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதன் அடியில் பழைய பருத்தித் துணியை மூன்று நான்கு மடிப்பாக நனைத்து விரியுங்கள், அதன்மேல் கேக் சுடப் போடுகிற பட்டர் பேப்பரை நீவிப் படியவைத்து, வண்ணத்தை அந்தக் காகிதத்தின்மேல் வையுங்கள். அடியிலிருக்கும் ஈரம் காகிதம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். துணியில் ஈரம் அதிகமானால் வண்ணம் ஓடிக் கலங்கிவிடும். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் வழியக் கூடாது, அதுதான் பதம். எழுந்து போகும்போது மூடிவிட்டால் நேற்றுக் கலந்த தோல் நிறம் நாளைக்கும் அப்படியே இருக்கும், முகம் வரைகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். வாரம் ஒருமுறை துணியைத் துவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

தோல் நிறம் என்றதும் ஒன்று: ஃப்ளெஷ் டின்ட் என்று விற்கிற ட்யூபை வாங்காதீர்கள், நம் ஊர் முகம் எதற்கும் அது ஒத்துவராது. பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், யெல்லோ ஓக்கர், ஒரு நல்ல சிவப்பு, டைட்டானியம் வெள்ளை, இந்த ஐந்திலேயே மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரைக்கும் எல்லா முகமும் வந்துவிடும். ட்யூபின் பின்பக்கம் நிறமியின் எண்ணையும், வெளிச்சத்தில் எவ்வளவு நாள் நிற்கும் என்ற குறியையும் பாருங்கள். பி.ஆர். 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சனும், ஃப்ளோரசன்ட் வண்ணங்களும் வெளுத்துப்போகும், பணம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு அவை ஆகாது.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எல்லா வெளிநாட்டுப் புத்தகத்திலும் இருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. நம் ஊரில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரைக்கும் சூரியன் நடுப்பகலில்கூட வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் சாய்வாக விழும். ஒரு வெள்ளை வாயில் துணியைத் திரையாகப் போட்டால் சமாளித்துவிடலாம். ராத்திரி வரைவதென்றால் மஞ்சள் பல்பின் கீழே வண்ணம் கலக்காதீர்கள், காலையில் பார்த்தால் முகம் வேறு ஆளாக இருக்கும். எல்.இ.டி. வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 5,000 முதல் 6,500 கெல்வினுக்குள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். இந்த சி.ஆர்.ஐ.யைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் பணம். முதலில், மூன்று வாரம் என்பதை மறந்துவிட்டு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கேன்வாஸின் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த நேரத்தைக் குறித்து வாருங்கள். படம் முடிந்ததும் கூட்டினால் பன்னிரண்டு பதினாலு மணி நேரம் வரலாம், நீங்கள் வாங்கிய தொகையை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வீட்டில் "பெயிண்டும் துணியும்தானே செலவு" என்கிறவர்களுக்குக் காட்டவும் அந்தக் கணக்கு உதவும்.

விலையைச் சதுர அங்குலக் கணக்கில் சொல்வது எளிது. 12-க்கு 16 என்றால் 192 சதுர அங்குலம், அங்குலத்துக்கு 15 ரூபாய் வைத்தால் 2,880. ஆனால் இந்தக் கணக்கு சின்னப் படத்தில் உங்களைக் கவிழ்த்துவிடும். 8-க்கு 10 வெறும் 80 அங்குலம், 1,200 ரூபாய்தான் வரும், ஆனால் மூக்கும் கண்ணும் வரைகிற பாடு பெரிய படத்துக்கு ஆவதில் பாதியாகிவிடாது, பேக்கிங் செலவும் பெரிதாகக் குறையாது. அதனால் இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரு அடிமட்ட விலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முகத்துக்குத் தனியாகச் சேருங்கள். சொந்தக்காரர்கள் கேட்டாலும் முழு விலையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு குறைக்கிறீர்களோ அதைச் சொல்லிக் குறையுங்கள். சொல்லாமல் குறைத்தால் அதுவே உங்கள் விலையாகி, அவர்கள் மூலமாக வருகிறவர்களும் அதையே கேட்பார்கள்.

ஆர்டர் எடுக்கும் முறையில்தான் உங்கள் நேரம் பாதி மிச்சமாகும். வாட்ஸ்அப்பில் ஐந்தாறு பேர் கைமாறி வந்த போட்டோவில் கண் எங்கே முடிகிறது, இமை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மூல போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படமாவது வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆர்டர் வேண்டாம். பாதிப் பணம் முன்பணம், அது வந்த பிறகுதான் கேன்வாஸில் கோடு. பென்சில் கோடு முடிந்ததும் படம் எடுத்து அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்ணம் போட்ட பிறகு "அப்பாவுக்கு மீசை கொஞ்சம் பெரிசா இருக்கணும்" என்றால் அதற்குத் தனிக் கட்டணம். கல்யாண நாளுக்கு, பிறந்த நாளுக்கு என்று கேட்பவர்களிடம் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக முடிப்பதுபோல் ஒத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பேக்கிங்கில் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமை கேட்டவருக்கே போகும். நீங்களாக வரைந்து விற்ற படத்துக்கு அப்படியில்லை, கேன்வாஸ் போனாலும் உரிமை உங்களிடமே இருக்கும், உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம். அதனால் ஆர்டரை உறுதிசெய்யும் அதே வாட்ஸ்அப் செய்தியில், "இந்தப் படத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே, படத்தை என் பக்கத்திலும் கண்காட்சியிலும் காட்டுவேன்" என்று ஒரு வரி சேர்த்து அதற்கும் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குப் பிடித்ததை வரைய நேரமில்லை என்கிறீர்களே, அதற்கும் வழி ஆர்டர்தான், ஆனால் அதற்கு ஒரு வரம்பு வேண்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது அங்கிருந்த ஓவியர்கள் பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள், அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தை யாருக்கும் வளைந்துகொடுக்காமல் வரைந்தார்கள். போட்டோ முகங்களை நீங்களும் அந்தக் கணக்கில் வையுங்கள். மாதம் இரண்டு, விலையைக் கூட்டி. மூன்றாவது ஆள் கேட்டால் அடுத்த மாத வரிசை. காலையில் பிள்ளைகள் போனதும் கிடைக்கிற முதல் நல்ல நேரத்தை உங்கள் சொந்தப் படத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆர்டரை மத்தியானத்துக்குத் தள்ளுங்கள். மாற்றிச் செய்தால் சொந்தப் படத்துக்கு என்றைக்கும் முறை வராது, வாடிக்கையாளர் போன் பண்ணிக் கேட்பார், அந்தப் படம் கேட்காது.

பபிள் ரேப் விஷயம். அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் வகை, சூட்டில் இளகும். கூரியர் வண்டி வெயிலில் நிற்கும்போது குமிழ் அழுந்தி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். படம் முடிந்து ஒரு வாரம் பத்து நாளாவது காற்றாட வைத்து, வார்னிஷ் பூசுவதானால் அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு அனுப்புங்கள். முகப்பில் முதலில் படவேண்டியது ஈரத் தட்டுக்குச் சொன்ன அதே சிலிகான் பூச்சுள்ள பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, நான்கு மூலைக்கும் மடித்த அட்டைக் காப்பு, கடைசியில்தான் பபிள் ரேப், அதுவும் குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கும்படி. சுருட்டி அனுப்புவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும், குழாய் அகலமாக இருக்கட்டும்.

ஐப்பசி கார்த்திகையில் முடிந்த படங்களை வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து ஒரு பலகை உயரம், சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி, பாலித்தீனில் இறுக்கிக் கட்டாமல் துணி போர்த்தி வையுங்கள்.

சரி, அறை எப்போது வேண்டும்? மூன்றடிக்கு மேற்பட்ட படங்கள் தொடர்ந்து வரைய ஆரம்பித்தால், அல்லது வகுப்பு எடுத்து வாடகையை அதிலிருந்தே கட்ட முடிந்தால். ஆயில் பெயிண்டுக்கு மாறி, அதைக் கரைக்கிற டர்பன்டைன் புழங்குவதானாலும் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் வேண்டாம். ஆயில் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அந்த வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். அந்த நாள் வந்து அறை பார்க்கப் போகும்போது கையில் டேப் எடுத்துப் போங்கள். ஜன்னலையும் வாடகையையும் பார்ப்பதற்கு முன்னால் மாடிப்படியின் திருப்பத்தையும் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். நாலடி கேன்வாஸ் திரும்பாத படியாக இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.