கோர்ட் கேட்ட மனநல அறிக்கை: சேலம் டாக்டருக்கு

வணக்கம் டாக்டர். குற்ற வழக்கில் சிக்கிய ஏற்காட்டுக்காரர் ஒருவரின் மனநிலை பற்றி சேலம் கோர்ட் அறிக்கை கேட்டிருக்கிறது, எனக்கு இதற்கென்று பயிற்சி இல்லை, எங்கே படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

மனநல மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில், தடயவியல் மனநல மருத்துவத்தில் (கோர்ட், சட்டம் தொடர்பான மனநல மருத்துவம்) ஓராண்டு ஃபெலோஷிப் படிப்பு இருக்கிறது. ஆனால் இந்த அறிக்கை அதுவரை காத்திருக்காது, அதனால் இப்போதைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் கோர்ட் உத்தரவில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். இப்போது அவர் விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. சம்பவ நேரத்தில், மனநிலை பாதிப்பால் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ புரியாமல் இருந்தாரா என்பது வேறு கேள்வி. இதைச் சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) பிரிவு 84, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) பிரிவு 22. என் முதல் அறிக்கையில் இரண்டையும் குழப்பிவிட்டு, குறுக்கு விசாரணையில் தவித்துப்போனேன். முடிவு சொல்வது நீதிபதி. நாம் கண்டதையும் அதற்கான ஆதாரத்தையும் எழுதினால் போதும்.

பேசத் தொடங்கும் முன், "நீங்கள் சொல்வது கோர்ட்டுக்குப் போகும்" என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் என்று நம்பி மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார்கள்.

அப்புறம் குற்றப்பத்திரிகை, ஜெயில் மருத்துவப் பதிவு, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் கேட்டு வாங்குங்கள். வீட்டாரிடமும் பேசுங்கள். சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.