காரின் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? எந்த ஸ்கேனர் வாங்கினால் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லும்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் முடியும் என்பதே என் பதில். இரண்டாவது கேள்வியில் உள்ள எதிர்பார்ப்புதான் பலருடைய பணத்தை வீணாக்குகிறது. பழுதான பாகத்தின் பெயரைச் சொல்லும் ஸ்கேனர் எதுவும் கிடையாது. காரின் கணினி எதைக் கண்டு முறையிடுகிறது என்பதைத்தான் அது காட்டும். அந்த முறையீட்டுக்கு யார் காரணம் என்பதை நாம்தான் சோதித்து அறிய வேண்டும்.

ஸ்கேனரைத் தேடும் முன் விளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான கார்களில் எண்ணெயின் அளவை அல்ல, அதன் அழுத்தத்தைக் குறிக்கிறது. அது ஓடும்போது எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்; டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறதே என்று மறுபடியும் ஓட்டிப் பார்ப்பது, பேரிங்குகளை எண்ணெய் இல்லாமல் அரைப்பதற்குச் சமம். சிவப்பு வெப்ப விளக்குக்கும் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறும்வரை தொடக் கூடாது. பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக்கையும் பிறகு பிரேக் ஆயிலின் அளவையும் பாருங்கள். பேடுகள் தேயத் தேய அந்த அளவு தானாகவே இறங்கும் என்பதால், பேடுகளைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டால் விளக்கு அணையும், காரணம் அப்படியே இருக்கும்.

மஞ்சள் இன்ஜின் விளக்குதான் வீட்டுச் சோதனைக்கு ஏற்றது. அமெரிக்காவில் 1996 மாடல் முதலே கட்டாயமான ஓபிடி-2 முறை (கார் தன் கோளாறைத் தானே கண்டு பதிவு செய்யும் ஏற்பாடு), நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்-4 (புகை அளவுக்கான அரசு விதி) கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே அதற்குப் பின் வந்த கார் என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், 16 ஊசிகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகும் இஎல்எம்327 வகை புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மொபைலில் ஒரு செயலி இருந்தால் போதும். விலை கூடிய கருவியால் இந்த வேலையில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, பாதி மலையில் கார் உதறத் தொடங்கியது. மஞ்சள் விளக்கும் விட்டுவிட்டு மினுக்கியது. மினுக்கினால் இன்ஜினில் மிஸ்ஃபயர் நடக்கிறது, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கிறது என்று பொருள். எனவே காலைத் தளர்த்தி, மெதுவாகத் திரும்பி இறங்கிவிட்டேன். பட்டறையில், பொறிக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றி, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் கழுவ வேண்டும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0302. 03 என்பது மிஸ்ஃபயர் வகையையும், கடைசி 2 என்பது இரண்டாவது சிலிண்டரையும் குறிக்கின்றன. கூடவே, கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ விவரமும் இருந்தது: தண்ணீர்ச் சூடு 91 டிகிரி, சுழற்சி நிமிடத்துக்கு 2,400, சுமை ஏறக்குறைய முழு அளவு. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். சமதளத்தில் சமாளித்துவிடும் தளர்ந்த காயிலோ தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ மலை ஏறும்போது தோற்பது இதனால்தான். ஆனால் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்பதை அந்தக் குறியீடு சொல்லவில்லை.

மறுநாள் காலை, இன்ஜின் முழுவதும் ஆறியிருந்தபோது, 10 எம்எம் ஸ்பேனரால் இரண்டாவது, மூன்றாவது காயில்களின் போல்ட்டுகளைக் கழற்றி, கனெக்டரின் பூட்டை விரலால் அழுத்தி எடுத்து, இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். பிளக்குகளைத் தொடவில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். குறியீட்டை அழித்துவிட்டு அதே மலைப்பாதையில் ஏறினேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குள்ளாகவே உதறல் வந்துவிட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால் குறியீடு பி0303. காயிலோடு கோளாறும் அடுத்த சிலிண்டருக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஒரே ஒரு காயில் வாங்கினேன். குறியீடு பி0302 ஆகவே நின்றிருந்தால், அடுத்ததாகப் பிளக்குகளை இதே போல் இடம் மாற்றியிருப்பேன்.

பி0171 வந்தால் இன்னும் கவனம் தேவை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற இந்த முறையீட்டைக் கண்டதும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்ன சாட்சியையே தண்டிப்பது போன்றது அது. என் மைத்துனரின் காரில் செயலியைத் திறந்து, கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்று காட்டும் ‘லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்’ எண்ணைப் பார்த்தோம். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, கூடுதல் 22 சதவீதம். 2,500 சுழற்சியில் பிடித்தபோது 6 சதவீதமாக இறங்கியது. இன்ஜின் குறைவாகக் காற்றிழுக்கும் ஐடிலில்தான் ஒரு சிறு கசிவு பெரிய பங்காகத் தெரியும். டார்ச் அடித்துத் தேடியதில் இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) பக்கம் போகும் ரப்பர் குழாய் ஒன்று வளைவில் வெடித்திருந்தது. இதற்கு மாறாகச் சுழற்சியும் சுமையும் கூடும்போது எண் ஏறினால், பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ, அழுக்கேறிய காற்று சென்சாரையோ சந்தேகிக்கலாம். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களுக்கே இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள சிறிய கார்களில் அதே கசிவு ஐடில் வேகத்தை உயர்த்துவதோடு நின்றுவிடக்கூடும்.

குறியீட்டை அழிக்கும் முன் அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் இரண்டுமே போய்விடும். கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டால், அதே சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தேறியதும் விளக்கு தானாகவே அணைந்துவிடும், அவசரப்பட்டு அழிக்கத் தேவையில்லை. பேனட்டைத் திறந்ததும் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நம் ஊர்த் தெருவில் நிற்கும் கார்களுக்கு எந்தக் குறியீடு வந்தாலும் இந்தச் சந்தேகம் நியாயமானதே.

ஏர்பேக் விளக்கை மட்டும் நான் வீட்டில் தொடுவதில்லை. அதன் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து ஓம்ஸ் அளக்கப் போனால், மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைத்துவிடலாம். அந்த விளக்கு எரிந்தால், அதற்கான கருவி வைத்திருக்கும் பட்டறைக்கே வண்டியைக் கொண்டு போகிறேன்.