சிங்கமும் இரண்டு எழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏலப் பட்டியல் ஒன்றில் பழைய வெள்ளிக் காபிக் கெண்டியைப் பார்த்தேன். லண்டனில் பால் டி லாமெரி என்ற வெள்ளிக் கலைஞர் 1725இல் செய்தது என்கிறார்கள். படத்தில் நடக்கும் சிங்க முத்திரையும் 'எல்.ஏ.' எழுத்துகளும் தெரிகின்றன. விலை மிகக் குறைவு. நம்பலாமா? ஆங்கிலேய வெள்ளிக்குப் பிரெஞ்சுப் பெயர் எப்படி வந்தது?
கா.

அன்புள்ள கா.,

அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு முத்திரைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

நாணயத்தை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க, 1697இல் வெள்ளிச் சாமான்களின் தரத்தை 92.5இலிருந்து 95.84 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த உயர்தரத்துக்கு முத்திரை, பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் பிரிட்டானியா உருவம். செய்தவர் தம் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பொறிக்க வேண்டும், 'எல்.ஏ.' அப்படி வந்தது. 1720இல் ஸ்டெர்லிங் எனப்படும் பழைய 92.5 தரம் திரும்பியும் லாமெரி 1732 வரை உயர்தரத்தை விடவில்லை. ஸ்டெர்லிங்குக்கென 1733இல் அவர் பதிந்தது 'பி.எல்.'. நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங்கின் அடையாளம். அது 'எல்.ஏ.' பக்கத்தில் நின்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பெயர் விஷயம் எளிது. அவர் பெற்றோர் ஹியூகனாட்கள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். பதினான்காம் லூயியின் கெடுபிடியில் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். பிள்ளை 1688இல் நெதர்லாந்தில் பிறந்து, லண்டனில் பியர் பிளாட்டல் என்ற இன்னொரு அகதியிடம் தொழில் கற்றார். வார்ப்பு வேலையும், தகட்டை அலங்காரமாக வெட்டி மேலே ஒட்டும் வேலையும் லண்டனில் செழித்தது இவர்கள் கையால்தான்.

நேரில் பார்க்க முடிந்தால், மூக்கு சேருமிடத்தில் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தனியே தெரியும். பழைய பியர்க் குவளைக்குப் பிற்காலத்தில் மூக்கு வைத்துக் கெண்டியாக்கியவை நிறைய உண்டு. புதிதாகச் சேர்த்த பாகத்துக்கு முத்திரை இல்லாமல் விற்பது பிரிட்டனில் குற்றம்.

முத்திரையைச் சுற்றியும் ஊதிப் பாருங்கள். வேறு பாத்திரத்திலிருந்து வெட்டியெடுத்துப் பதித்த துண்டானால் அதன் விளிம்பு தெரியும். ஆனால் அதை வைத்து மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. 1720இலிருந்து முத்திரை குத்தக் கொண்டுபோகும் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது; அதைத் தட்டிக்கழிக்க அந்தக் காலப் பட்டறைக்காரர்களே இந்த வேலையைச் செய்தார்கள். லாமெரியும் விதிவிலக்கல்ல!

அடியில் பழைய எடை கீறியிருந்தால் நிறுத்துப் பாருங்கள். அது வெள்ளி நிறுக்கும் ட்ராய் அவுன்ஸில் இருக்கும்; ஓர் அவுன்ஸுக்கு 31.1 கிராம். கொஞ்சம் குறைந்தால் தேய்மானம். கூடினால் எதையோ ஒட்டியிருக்கிறார்கள். குலச்சின்னம் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு அமுங்கினால் பழைய சின்னத்தைச் சுரண்டியிருக்கிறார்கள்.

நேரில் போக முடியாவிட்டால் மூடியின் உட்புறப் படமாவது கேளுங்கள். அங்கேயும் முத்திரை இருக்க வேண்டும்.